செம்பு கிரீஸும் கருப்பசாமியின் வலது காலும்

போன வாரம் ஷெட்டிலிருந்து கணேசன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். மேஜை மேல் ஆறு டியூப்கள். "அண்ணே, ஆன்லைன்ல வரவழைச்சிருக்காக. எல்லாத்துலயும் பிரேக் கிரீஸுன்னுதான் போட்டிருக்கு. இதுல எதைப் போடட்டும்?" என்று கேட்டிருந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்பெனி வண்டிகளின் பிரேக் வேலையை அவன்தான் பார்க்கிறான். நாற்பது வயது. கெட்டிக்காரன், ஆனால் எதற்கும் ஒரு வரியில் பதில் வேண்டும் அவனுக்கு.

ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆறு டியூபில் மூன்றாவது செம்பு நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் கருப்பசாமியின் வலது கால் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கதையைக் கட்டை விரலால் செல்போனில் தட்டிக்கொண்டிருந்தால் அடுத்த தீபாவளி வந்துவிடும். அதனால் நோட்டில் எழுதுகிறேன். கணேசா, டீ குடித்துக்கொண்டே படி. வண்டி காத்திருக்கட்டும்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். அப்பா மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால் தெருவே தும்மும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பதினேழு வயதில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, பன்னிரண்டு வருஷம் அம்பாசடர் கார்களுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தேன். அந்த முதலாளி பிரேக் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் போடும்போது விரலில் விளக்கெண்ணெய் தொட்டுத் தடவித்தான் போடுவார். என்ஜின் ஆயில் பட்ட கையால் அந்த ரப்பரைத் தொட்டால் புறங்கையில் அடி விழும். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பழக்கம் கைக்கு வந்தது, காரணம் மண்டைக்கு வரவில்லை. பின்னால் நான் பட்ட பாடெல்லாம் அங்கே தொடங்கியதுதான்.

அப்புறம் கல்யாணம். அப்புறம் திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வண்டி ஷெட்டில் வேலை. லாரி, வேன், நாலைந்து கார். ஷெட் ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஃபேக்டரி அந்தப் பக்கம் உள்ளே தள்ளி. இருபத்தெட்டு வருஷம் அந்த ரோட்டின் இந்தப் பக்கத்திலேயே என் காலம் போனது.

கடைசிப் பத்து வருஷம் எனக்கு மேலே இருந்தவர் ஜெசிந்தா மேடம். வண்டி செக்‌ஷனுக்கு இன்சார்ஜ். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவர். அப்பா சாத்தூரில் வாத்தியார், அக்கா நர்ஸ். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு பொம்பளைப் பிள்ளை நமக்கு வந்து நட்டு போல்ட்டு சொல்லித் தருவதா என்று ஷெட்டில் முதல் மாசம் முணுமுணுப்பு இருந்தது. முணுமுணுத்ததில் நானும் ஒருத்தன். மறைப்பானேன்.

மேடம் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. சாதாரண நாளில் எல்லாரையும் அண்ணே என்பார். கோபம் வந்தால் 'சார்' ஆகிவிடும். "சண்முகவேல் சார், கொஞ்சம் வர்றீகளா?" என்று கேட்டால் ஷெட்டில் மற்றவர்கள் குனிந்த தலை நிமிர மாட்டார்கள். தப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவே மாட்டார். "ஏன் அப்படிச் செஞ்சீக?" என்று ஒரே ஒரு தடவை கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். திட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்தக் காத்திருப்பில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

வேலை செய்யும் விதமும் தனி. எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்கச் சொல்வார். குறிப்பு எழுத நோட்டு கிடையாது. பிரஸ்ஸிலிருந்து கலர் பிசகி வந்த பட்டாசு லேபிள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அதன் வெள்ளைப் பக்கத்தில்தான் எழுதுவார். எந்த வண்டி, எந்தச் சக்கரம், என்ன போட்டோம், யார் போட்டது என்று சின்ன எழுத்தில் நாலு வரி இருக்கும். அதைக் கிளிப்பில் மாட்டி அந்த வண்டியின் பெயர் போட்ட ஆணியில் தொங்கவிடுவார். ஷெட் சுவரில் எப்போதும் புஸ்வாணமும் சங்கு சக்கரமும் தொங்கிக்கொண்டிருக்கும், பின்பக்கம் பிரேக் கணக்கு.

இப்போது செம்புக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்கள் படித்தால் தெரியாது என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஃபேக்டரிகளில் மருந்து கலக்கும் அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கும் கரண்ட்டு அதில் இறங்கிவிடும். உள்ளே இரும்புச் சாமான் ஆகாது, பொறி பறக்கும். மரம், பித்தளை, செம்புதான். சின்னப் பிள்ளையிலிருந்தே எங்களுக்கு இரும்பு என்றால் பயம், செம்பு என்றால் நம்பிக்கை. சிலர் தகட்டைத் தொட்டுக் கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்கள்.

அந்த மனசோடுதான் ஒரு நாள் மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே செம்புப் பொடி கலந்த கிரீஸ் மினுமினுவென்று இருந்தது. எம்புட்டுச் சூட்டையும் தாங்கும் என்றார். எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற வண்டி, அதன் பிரேக்கில் செம்பு. இதைவிடப் பொருத்தம் உண்டா? சீட்டு எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்கி நாலு டப்பா வாங்கினேன். கம்பெனிக்கு நல்லது செய்கிறோம் என்ற பெருமை வேறு.

கார்களின் முன் சக்கர பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கு நான் சாப்பாட்டுத் தட்டை வைத்துத்தான் சொல்வேன். தட்டு சுற்றுகிறது, அதுதான் டிஸ்க். இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கை, அவைதான் பேட். பெடலை மிதித்தால் இரண்டு கையும் தட்டைப் பிடிக்க வேண்டும், காலை எடுத்தால் இரண்டும் விட வேண்டும். கை இரண்டும் சேர்ந்து நகர்வதற்கு விரல் நீளத்தில் இரண்டு பின் உண்டு. அந்தப் பின்னுக்கு ரப்பர் உறை, நுனியில் ரப்பர் வளையம். பின் வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். புது பேட் வாங்கினால் டப்பாவுக்குள் அந்தப் பின்னுக்கென்றே ஒரு குட்டிப் பாக்கெட் கிரீஸ் வரும். ஷாம்பு பாக்கெட் அளவுகூட இருக்காது. இத்தனூண்டு எதுக்குக் காணும் என்று நான் அதை டிராயரில் போட்டுவிட்டு, பின்னுக்கும் செம்பு கிரீஸையே தாராளமாகப் பூசினேன். ஒரு காருக்கு அல்ல, இரண்டு காருக்கு.

அதில் ஒன்றைத்தான் கருப்பசாமி ஓட்டினான். என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. திருத்தங்கல்காரன். பதினெட்டு வருஷமாகக் கம்பெனி டிரைவர். வண்டியைக் கழுவும்போது டயரின் உள்பக்கத்தையும் கழுவுகிறவன். அதற்கு முந்தின வருஷம் மெடிக்கல் கேம்ப்பில் அவனுக்குச் சுகர் என்று தெரிந்தது. டீயில் சீனியை விட்டுவிட்டான், அதைத் தவிர அதைப் பற்றி அவன் பேசியதில்லை.

சீசன் நேரம். வடக்கேயிருந்து வந்த ஒரு ஆர்டர் பார்ட்டியை விருதுநகர் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்கு வந்தான். கேட்டில் நின்று செல்போன்களை ஒப்படைக்கும்போது முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து புகை வந்திருக்கிறது. கருகின வாடை. வாட்ச்மேன் ஓடிவந்து மணல் வாளியைக் கொட்டி, தண்ணீரையும் ஊற்றிவிட்டார். கேட்டுக்கு உள்ளே, கூப்பிடு தூரத்தில், கட்டி முடித்த பெட்டிகளை அடுக்கிக்கொண்டு அறுபது பெண்கள் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பட்டாசுக் கம்பெனி வாசலுக்குப் புகையோடு வந்த டிரைவர் என்ற பெயர் எங்கள் ஊரில் சாதாரணப் பெயர் இல்லை.

மேடம் அப்போது அம்மாவின் ஆபரேஷனுக்காக மதுரையில் இருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் சக்கரம் ஆறிக் குளிர்ந்திருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் சுற்றிப் பார்த்தேன். லேசாக உரசிக்கொண்டு சுற்றியது. பேட் இருந்தால் கொஞ்சம் உரசத்தான் செய்யும். ஷெட்டில் மூன்று லாரி லோடுக்குக் காத்து நின்றன. சக்கரத்தைக் கழற்றவில்லை. வலது சக்கரத்தைத் தொடக்கூட இல்லை.

மேனேஜர் ரூமில் கருப்பசாமி நின்றுகொண்டிருந்தான். மேனேஜர் என்னைப் பார்த்து, "வீல் எப்படி இருக்கு சண்முகவேல்?" என்றார்.

"ஃப்ரீயாத்தான் சுத்துது சார்" என்றேன்.

இந்த மூன்று வார்த்தைக்காக நான் எத்தனை நாள் வருந்தியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "அப்ப காலைப் பெடல்லயே வச்சு ஓட்டியிருக்க."

"இல்ல சார், மிதிக்கல."

"உனக்குச் சுகர் இருக்குல்ல? கால் மரத்திருக்கும். தெரிஞ்சு மிதிச்சேன்னு சொல்லலப்பா. தெரியாமத்தான் மிதிச்சிருப்ப."

தெரிந்து செய்தாய் என்றால் இல்லை என்று சாதிக்கலாம். தெரியாமல் செய்தாய் என்றால் என்ன பதில் சொல்ல முடியும்? அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "மிதிச்சிருப்பேனோண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான். இடது சக்கரம் மட்டும் ஏன் என்று ஒரு கேள்வி என் மண்டையில் ஒரு ஓரமாக எட்டிப் பார்த்தது உண்மை. லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். நான் போய்விட்டேன். அவன் வேலை போனது, அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டான். அந்தக் காரும் ஷெட் ஓரத்தில் ஓடாமல் நின்றது.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஷெட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். மேடம் இரண்டாவது காரை உள்ளே விடச் சொன்னார், பேட் பார்க்க. இடது சக்கரத்தைக் கழற்றினேன். உள்பக்கத்துப் பேட் தகடு தெரியத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்துப் பேட் பாதிகூடத் தேயவில்லை. பின்னை இழுத்தேன், வரவில்லை. ஸ்பேனரால் திருகித் திருகி இழுத்ததும் கக்கிக்கொண்டு வந்தது. நுனியில் இருந்த ரப்பர் வளையம் ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்த உப்பின ரப்பர்தான் பின்னை நகர விடாமல் கவ்விப் பிடித்திருக்கிறது. காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் தேய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறது.

மேடம் பக்கத்தில் வந்து பார்த்தார். ஆணியில் தொங்கிய லேபிளை எடுத்துத் திருப்பிப் படித்தார். என் பெயர்தான் இருந்தது. பக்கத்து ஆணியில் கருப்பசாமி காரின் லேபிளையும் எடுத்தார். அதிலும் அதே கிரீஸ், அதே பெயர்.

"சண்முகவேல் சார், கருப்பசாமி அண்ணன் வண்டியில எத்தனை சக்கரம் சூடாச்சு?"

"ஒண்ணுதான் மேடம். இடது."

"காலைப் பெடல்ல வச்சிருந்தா எத்தனை சூடாகணும்?"

அவர் காத்திருந்தார். முன் சக்கரம் இரண்டும் சூடாகியிருக்க வேண்டும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பிரேக் பார்த்தவன். வண்டி ஓட்டத் தெரியாதவன்கூடச் சொல்லிவிடக்கூடிய பதில் அது.

அவர் அவசரப்படவில்லை. வேறு ஆளாக இருந்தால் அந்த நிமிஷமே மேனேஜரிடம் ஓடியிருப்பார். மேடம் தண்ணீர் பாட்டில் மூடிகள் ஐந்தை எடுத்து வரச் சொன்னார். புது ரப்பர் வளையம் ஐந்து. வெர்னியர் அளவுகோலால் ஒவ்வொன்றையும் அளந்து லேபிளில் எழுதினார். முதல் மூடியில் வெறும் வளையம். இரண்டாவதில் என் டிராயரில் நான் ஒதுக்கிப் போட்ட குட்டிப் பாக்கெட்டின் சிலிகான் கிரீஸ். திறந்து பார்த்தபோது இரண்டு காருக்கும் வந்தவை பிரிக்காமலே கிடந்தன, எனக்கு மானம் போயிற்று. மூன்றாவதில் விளக்கெண்ணெய். அது நான் சொன்னது. நாலாவதில் செம்பு கிரீஸ். ஐந்தாவதில் பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ். மதிய வெயில் விழுகிற ஜன்னல் தகரத்தில் வரிசையாக வைத்தார். "சனிக்கிழமை வரைக்கும் யாரும் தொடாதீக" என்றார். அந்த ஆறு நாளும் அவர் என்னை சார் என்றே கூப்பிட்டார்.

சனிக்கிழமை துணி விரித்து மூடிகளைக் கவிழ்த்தோம். முதல் மூன்று வளையமும் போட்ட அளவிலேயே இருந்தன. செம்பும் பேரிங் கிரீஸும் பட்டவை பார்க்கும்போதே பெருத்திருந்தன. அவர் அளந்து எழுதினார். பிறகு என்னிடம் வெர்னியரைக் கொடுத்து, நீங்களும் அளந்து பாருங்கள் என்றார். நான் அளந்தேன். கண்ணாடி பனித்துவிட்டது, அளவு தெரியவில்லை. திரும்ப அளந்தேன்.

"செம்பு ஒரு குத்தமும் பண்ணல சார்" என்றார் மேடம். "செம்பைக் குழைச்சிருக்கிற எண்ணெய் இருக்குல்ல, அது பெட்ரோல், மண்ணெண்ணெய்க் குடும்பம். ரப்பருக்கு ஆகாது. உங்க பழைய முதலாளியோட விளக்கெண்ணெய் வித்துல எடுத்தது, அதனால அன்னைக்கு ரப்பர் கெடல. பேட்டோட முதுகுல இரும்பும் இரும்பும் உரசுற எடத்துக்குச் செம்பு கிரீஸ் நல்லதுதான். ரப்பர் இருக்குற எடத்துக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது."

கணேசா, நீ கேட்ட பதில் இதில் இருக்கிறது. டியூபின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதே. நீ பூசப்போகிற இடத்தில் ரப்பர் இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் சிலிகான் என்று போட்டதை மட்டும் எடு, அதுவும் பட்டாணி அளவு போதும். பேட்டின் முகத்திலும் டிஸ்க்கிலும் எதுவுமே படக் கூடாது, விரல் ரேகைகூட. டிரம் பிரேக் என்றால் ஷூவின் ஓரம் பின்தகட்டில் உரசுகிற மேட்டில் சூடு தாங்குகிற கிரீஸ், தீக்குச்சி நுனியில் எடுக்கிற அளவு. தாராளம் காட்டுவதற்கு வேறு இடம் இருக்கிறது.

நான் ஒரு பேப்பர் எடுத்து எழுதினேன். 'இடது முன் சக்கரம் சூடானதற்கு டிரைவர் கருப்பசாமி காரணமல்ல. நான் பின்னுக்குத் தவறான கிரீஸ் போட்டதே காரணம். சக்கரம் ஃப்ரீயாகச் சுற்றுகிறது என்று நான் சொன்னது சரியாகப் பார்க்காமல் சொன்னது.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேடம் படித்தார். பேனாவை வாங்கி என் கையெழுத்துக்குக் கீழே, 'மேற்படி கிரீஸ் வாங்க அனுமதி கொடுத்தவள்' என்று எழுதித் தானும் கையெழுத்துப் போட்டார். வேண்டாம் மேடம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே மேனேஜரிடம் போய்விட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. முகம் சிவந்திருந்தது. "திங்கக்கிழமை கருப்பசாமி அண்ணனை வேலைக்கு வரச் சொல்லிட்டாக. உங்களுக்கு ஒரு மாசம் நான் பக்கத்துல நிக்காம பிரேக் வேலை கிடையாது" என்றார். பிறகுதான் 'அண்ணே' திரும்ப வந்தது. "நாளைக்கு அவங்க வீட்டுக்கு நீங்க போயிட்டு வாங்கண்ணே. இதை ஆள் விட்டுச் சொல்ல முடியாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை திருத்தங்கலில் அவன் வீட்டுக்குப் போனேன். உப்பின வளையம் ஒன்றையும் புதுசு ஒன்றையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வாசலில் அவன் பைக் சாக்கு மூடி நின்றது. சாக்கின் மேல் தூசி. அவன் மனைவி லட்சுமி அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தது. "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, "குளிச்சிட்டு இருக்காக" என்றது. பிறகு குரலை இறக்கிப் பேசியது.

"பிரஸ்ஸுல லேபிள் கட்டுப் போடப் போறாக. உக்காந்த வேலை. பைக்கைத் தொடவே மாட்டேங்குறாக. இருக்கன்குடி கோயிலுக்குக்கூட பஸ்ஸுலதான் போயிட்டு வந்தோம். உன்னையப் பின்னால வச்சுக்கிட்டு எந்த நேரம் இந்தக் காலு என்ன செய்யுமோன்னு சொல்றாக." அது முந்தானையால் முகத்தைத் துடைத்தது. "தெனமும் கண்ணை மூடிக்கிட்டு காலை நீட்டி உக்காருவாக. நான் வெளக்கமாத்துக் குச்சியால ஒவ்வொரு வெரலாத் தொடணும். எந்த வெரலுன்னு சொல்லுவாக. அம்புட்டும் சரியாத்தான் சொல்றாக. டாக்டரம்மாவும் பாத்துட்டு காலுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாக. இருந்தாலும் நம்ப மாட்டேங்குறாக."

எனக்கு அந்த இடத்திலிருந்தே ஓடிவிடலாம் போல இருந்தது. அவனுக்கு வேலை போனது தெரியும். அவன் தன் காலையே சந்தேகப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. என் வாயிலிருந்து வந்த மூன்று வார்த்தை இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

கருப்பசாமி துண்டோடு வந்தான். இளைத்திருந்தான். "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்றான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செம்பு கிரீஸ், பின், மூடியில் வைத்துப் பார்த்தது, நான் சக்கரத்தைக் கழற்றாமல் சொன்னது, எதையும் விடவில்லை. காகிதத்தைப் பிரித்து இரண்டு வளையத்தையும் அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் உப்பின வளையத்தைக் கட்டை விரலால் அழுத்தினான். குழி விழுந்தது. திரும்ப அழுத்தினான்.

"நல்லாப் பாத்துட்டீகளாண்ணே? கிரீஸ்தானா?"

"கிரீஸ்தான்யா."

"மேடமும் பாத்தாகளா?"

"அவங்கதான் கண்டுபிடிச்சாக. திங்கக்கிழமை உன்னைய வரச் சொல்லியிருக்காக. வேலை திரும்பக் கிடைச்சிருச்சு."

வேலை என்றது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தரையில் இருந்த தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களை மடக்கினான், நீட்டினான்.

"அப்ப நான் மிதிக்கல."

"நீ மிதிக்கலய்யா. உன் காலு நல்ல காலு. என்னைய நல்லா ஏசிரு கருப்பசாமி. நான் அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"ஏசுறேண்ணே. அதுக்கு நாள் கெடக்கு" என்றான். கண்ணில் தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. உள்ளே திரும்பி, "லட்சுமி, வா" என்றான். வாசலுக்குப் போய் சாக்கை உருவி எறிந்தான். பைக் உடனே கிளம்பவில்லை. ஏழெட்டு உதை உதைத்தான், வலது காலால்தான். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது.

"எங்க போகணும்?" என்றது லட்சுமி.

"எங்கயும் இல்ல. ஏறு."

"உலை கொதிக்குதே."

"அண்ணன் பாத்துக்கிடுவாக."

லட்சுமி என்னைப் பார்த்தது. "அரிசி களைஞ்சு வச்சிருக்கேண்ணே, போட்டுருங்க. பொங்கிறப் போகுது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டது. போய்விட்டார்கள்.

நான் உள்ளே போய் அரிசியைப் போட்டேன். அகப்பையைப் பிடித்துக்கொண்டு அடுப்புப் பக்கமே நின்றேன். தெரு முனையில் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. வண்டி நின்றது. திரும்பக் கிளம்பியது. அடுத்த தெருவில் மறுபடி ஒரு பிரேக், மறுபடி கிளம்பியது. வண்டி ஒன்றும் குறுக்கே வந்திருக்காது, அவன் சும்மா மிதித்து மிதித்து விட்டுப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சத்தம் தூரமாகப் போய்க் கேட்காமல் போனது. சோறு வெந்தது. பதம் பார்த்து இறக்கி, கஞ்சி வடித்து, மூடி வைத்தேன். அவர்கள் இன்னும் வரவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். மெதுவாகவே வரட்டும் என்று இருந்தது.